பென்னிகுவிக்: அணை கட்டிய இன்ஜினீயருக்கும் கம்பம் பன்னீர் திராட்சைக்கும் என்ன சம்பந்தம்?

கோயம்பேட்டில் லோடு இறங்கி, திருவள்ளூர் பஜார், கும்மிடிப்பூண்டி சிப்காட் பஸ் ஸ்டாப் என்று தள்ளுவண்டிகளில் பரவும் கருநீலக் கொட்டைத் திராட்சையை எல்லோருக்கும் தெரியும். பன்னீர் திராட்சை. 2023-ல் 'கம்பம் பன்னீர் திராட்சை'க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தக் குறியீட்டுக்கு ஒரே அர்த்தம்தான்: இந்தப் பொருளுக்கு இருக்கிற குணம், இந்த ஊர் கொடுத்த குணம்.

சரி, அந்த ஊரில் அப்படி என்ன இருக்கிறது? மண் இருக்கிறது, மலை இருக்கிறது, காற்று இருக்கிறது. கூடவே, நேர் எதிர்த் திசையில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீரும் 1895 முதல் இருக்கிறது. தேனி மாவட்டத்தில் அந்தத் தண்ணீரைப் பற்றிப் பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே வந்துவிடும் பெயர் ஜான் பென்னிகுவிக். ஆண்டுதோறும் ஜனவரி 15, அவர் பிறந்தநாள், பொங்கலோடு பொங்கலாக வருகிறது. அவர் படத்துக்கு முன்னால் பொங்கல் வைக்கிற ஊர்களும் உண்டு. தேனி பஸ் ஸ்டாண்டுக்கு அவர் பெயர். லோயர் கேம்பில் மணிமண்டபம்.

இத்தனைக்கும் அவர் ஒரு திராட்சைக்கொடி நட்டதில்லை. அவர் அணை கட்டியதே நெல்லுக்காக.

எட்டு வயசு ஆகுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி

பென்னிகுவிக் பிறந்தது புனேவில், 1841 ஜனவரி 15. அப்பாவும் ஜான் பென்னிகுவிக்தான், பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. 1849 ஜனவரி 13 அன்று பஞ்சாபில் நடந்த சில்லியன்வாலா போரில் சீக்கியப் படையை எதிர்த்து நின்ற அப்பா கொல்லப்பட்டார். அதே நாளில், அதே களத்தில், அண்ணன் அலெக்சாண்டரும் இறந்தார். சின்ன ஜானுக்கு அடுத்த இரண்டாவது நாள் எட்டாவது பிறந்தநாள்.

படிப்பு இங்கிலாந்தில். செல்டன்ஹாம் கல்லூரி, பிறகு கிழக்கிந்திய கம்பெனி நடத்திய அடிஸ்கோம்ப் ராணுவப் பள்ளி. 1858-ல் மெட்ராஸ் இன்ஜினீயர்ஸ் பிரிவில் லெப்டினென்ட். 1860-ல் இந்தியா வந்தார். 1868 வாக்கில் அபிசீனியா படையெடுப்புக்குப் போய்த் திரும்பினார். கிரிக்கெட் பைத்தியம் என்றே சொல்லலாம். 1879-ல் கிரேஸ் ஜார்ஜியானாவுடன் கல்யாணம். அதுவரைக்கும் அவர் வாழ்க்கை, பொதுப்பணித் துறையில் இருந்த நூறு வெள்ளைக்கார அதிகாரிகளின் வாழ்க்கை மாதிரிதான். வித்தியாசம் 1882-ல் வந்தது.

பழைய ஐடியா, புது ஆள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மலைதான், ஆனால் மழை ஒன்றல்ல. தென்மேற்குப் பருவமழை கேரளப் பக்கச் சரிவில் கொட்டித் தீர்த்துவிடும். மலையைத் தாண்டி வரும்போது மேகத்தில் மிச்சம் கொஞ்சம்தான். இதைத்தான் மழை மறைவுப் பகுதி என்கிறோம். பெரியாறு அந்த மழையையெல்லாம் வாரிக்கொண்டு அரபிக்கடலுக்குப் போனது. மலைக்கு இந்தப் பக்கம் வைகை பெரும்பாலான மாதங்கள் மணலாகக் கிடந்தது.

அந்த ஆற்றை இந்தப் பக்கம் திருப்பினால் என்ன என்ற யோசனை பென்னிகுவிக்குடையது இல்லை. இது பலருக்குத் தெரியாது. 1789-லேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆள் அனுப்பிப் பார்த்திருக்கிறார். பணம் இல்லாமல் அப்படியே நின்றது. 1808-ல் ஆய்வு செய்த ஜேம்ஸ் கால்டுவெல் இது நடக்காத காரியம் என்று கைகழுவினார். 1850-ல் சின்னதாக ஒரு தடுப்பு கட்ட ஆரம்பித்து, காய்ச்சலில் ஆட்கள் விழுந்ததும் நிறுத்திவிட்டார்கள். 1867-ல் மேஜர் ரைவ்ஸ் மண் அணை கட்டலாம் என்று ஒரு திட்டம் கொடுத்தார். அதுவும் பைலில் தூங்கியது.

எழுப்பிவிட்டது 1876-78 தாதுவருஷப் பஞ்சம். மெட்ராஸ் மாகாணத்தில் லட்சக்கணக்கான பேர் செத்துப்போன பிறகு, மதுரைப் பக்கத்துக்கு நிரந்தரமான தண்ணீர் வேண்டும் என்ற பேச்சை அரசால் தள்ளிப்போட முடியவில்லை. 1882-ல் திட்டத்தைப் புதிதாகத் தயாரிக்கும் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் வந்தது.

1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூருடன் குத்தகை ஒப்பந்தம். 8,000 ஏக்கர், 999 ஆண்டுகள், ஏக்கருக்கு வருஷத்துக்கு ஐந்து ரூபாய். அடுத்த ஆண்டு வேலை தொடங்கியது.

வெள்ளம் ஒரு பக்கம், காய்ச்சல் ஒரு பக்கம்

அணை கட்டிய இடம் நடுக்காடு. ரோடு கிடையாது. யானை, புலி கதையெல்லாம் சுவாரசியம்தான். ஆனால் ஆட்களை அதிகம் கொன்றது கொசு. மலேரியாவும் காலராவும் முகாம்களைச் சூறையாடின. அணைக்குப் பக்கத்திலேயே இருக்கும் கல்லறைகள் அதற்குச் சாட்சி. கூலிக்காரர்கள் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல்கூட இல்லை. மெட்ராஸ் பயோனியர்ஸ் படைப்பிரிவு வீரர்களையும் வேலைக்கு இறக்கினார்கள்.

ஆற்றுக்குள் அஸ்திவாரம் போடத் தற்காலிகத் தடுப்பு கட்டுவார்கள். மழை வரும், தடுப்பு அடித்துக்கொண்டு போகும். மறுபடி கட்டுவார்கள், மறுபடி போகும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் அடிக்கிற இடம் அது; வேலை செய்யக் கிடைத்த மாதங்கள் ரொம்பக் குறைவு. சிமென்ட் காலம் இல்லை. சுண்ணாம்பும், செங்கல்லைப் பொடித்த சுர்க்கியும் சேர்த்த காரைதான். தன் எடையாலேயே தண்ணீரின் தள்ளுதலைத் தாங்கி நிற்கிற வகை அணை.

இங்கே ஒரு விஷயத்தைப் பேசாமல் போக முடியாது. வெள்ளத்தில் அணை அடித்துப் போனதும் அரசு கைவிரித்தது, பென்னிகுவிக் இங்கிலாந்து போய்ச் சொத்தை விற்று, மனைவி நகையை விற்று, அந்தக் காசில் கட்டி முடித்தார் என்ற கதை வாட்ஸ்அப்பில் வருஷா வருஷம் ஜனவரியில் சுற்றும். சினிமா போல இருக்கிறது, கேட்க நல்லாவும் இருக்கிறது. ஆனால் பெரியாறு திட்டம் மெட்ராஸ் அரசின் பணத்தில், அரசின் கணக்கில் நடந்தது. கூட வேலை பார்த்த இன்ஜினீயர் ஏ.டி. மெக்கன்சி 1899-ல் இந்தத் திட்டத்தின் வரலாற்றை முழுப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார். சொத்து விற்ற கதைக்கு அரசு ஆவணங்களில் ஆதாரம் இல்லை. இதைச் சொல்வதால் பென்னிகுவிக் சின்ன ஆளாகிவிடப் போவதில்லை. திரும்பத் திரும்ப உடைந்த ஒரு வேலையை எட்டு வருஷம் விடாமல் பிடித்து முடித்தாரே, அதற்கு நகை விற்ற கதை தேவையா என்ன?

1895 அக்டோபர் 10 அன்று மெட்ராஸ் கவர்னர் வென்லாக் திறந்துவைத்தார். ஆற்றைத் தடுத்ததோடு வேலை முடியவில்லை. மலையைக் குடைந்து ஒரு மைலுக்கும் கூடுதலான சுரங்கம் வெட்டி, தண்ணீரை இந்தப் பக்கம் இறக்கினார்கள். அது வைரவனாற்றில் விழுந்து, சுருளியாற்றோடு கலந்து, வைகைக்குப் போகிறது. பூண்டி ஏரிக்குக் கிருஷ்ணா தண்ணீர் ஊத்துக்கோட்டை ஜீரோ பாயின்ட் வழியாக வருவதைப் பார்த்துப் பழகிய திருவள்ளூர்க்காரர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. ஆனால் அது வந்தது 1996-ல். இது அதற்கு நூறு வருஷம் முன்பு.

திராட்சைக்குத் தண்ணீர் வேணுமா, வேண்டாமா?

இனிமேல்தான் திராட்சை. திராட்சையைப் பொறுத்தவரை நிறையத் தண்ணீர் என்பது வரம் இல்லை. பழம் பழுக்கிற சமயத்தில் தண்ணீர் கூடினால் சர்க்கரை நீர்த்துப்போகும். மழை அடித்தால் பழம் வெடிக்கும். இலை ஈரமாகவே இருந்தால் அடிச்சாம்பல் நோய் வரும். அதே சமயம், கவாத்து பண்ணித் துளிர் விடும்போது தண்ணீர் இல்லை என்றால் குலையே வராது. அதாவது, வேண்டிய நாளில் வேண்டும், வேண்டாத நாளில் வரவே கூடாது.

இந்த இரண்டும் சேர்ந்து அமைகிற இடம் எது? வானத்திலிருந்து கொஞ்சமாக மழை பெய்து, தரையில் நம்பகமான தண்ணீர் இருக்கிற இடம். கம்பம் பள்ளத்தாக்கு அப்படித்தான். மேற்கே உயரமான மலைத்தொடர், கிழக்கே மேகமலை. நடுவில் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் நீளமான ஒரு பள்ளம். ஆடி மாசம் கணவாய் வழியாக வீசுகிற காற்று இலையைக் காயவைத்துவிடும். மழை மறைவு என்பது நெல்லுக்குச் சாபம், திராட்சைக்கு அதுவே சாதகம். அந்த வறண்ட பள்ளத்துக்குள் ஒரு ஆற்றை விட்டதுதான் பென்னிகுவிக்கின் வேலை. திறக்கவும் மூடவும் முடிகிற ஒரு குழாயை அவர் அந்த ஊருக்குப் போட்டுக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

குழாயிலிருந்து நேராகத் தோட்டத்துக்குப் போவதில்லை. கால்வாய்த் தண்ணீர் போவது நெல்லுக்கு; பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல் என்பது இங்கே எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிற கணக்கு. திராட்சைத் தோட்டங்கள் பெரும்பாலும் கிணற்றையும் போர்வெல்லையும் நம்பியவை. ஆறும் வாய்க்காலும் குளமும் நிறைந்தால் கிணறு ஊறும். அணையில் தண்ணீர் குறைந்தால் அந்த ஆண்டு நெல் விவசாயிக்கு உடனே தெரியும், திராட்சை விவசாயிக்குக் கொஞ்சம் தாமதமாக, மோட்டார் காற்று வாங்கும்போது தெரியும்.

பிரான்ஸில் இதற்கு ஒரு சொல் இருக்கு

நிலம், சரிவு, மண், வெயில், விவசாயி செய்கிற வேலை என எல்லாம் சேர்ந்து பழத்துக்குக் கொடுக்கிற குணத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் 'தெர்வார்' என்பார்கள். அவர்கள் அடிக்கடி காட்டும் உதாரணம் சிரா என்ற ஒயின் திராட்சை. ஆஸ்திரேலியாவில் இதே ரகத்துக்கு ஷிராஸ் என்று பெயர். பிரான்ஸின் ரோன் ஆற்றுப் பக்கம், ஹெர்மிட்டாஜ் என்ற கிரானைட் குன்றின் சரிவில் விளையும் சிராவும், வெயில் கொளுத்தும் ஆஸ்திரேலிய பரோசாவில் விளையும் ஷிராஸும் ஒரே ரகம். சுவை வேறு. குளிர்ச்சியான இடத்தில் விளைந்தால் அதில் மிளகு வாசனை தூக்கலாக வரும். காரணம் ரோட்டண்டோன் என்ற ஒரு பொருள். அதே பொருள்தான் நம்ம மிளகிலும் இருக்கிறது. கம்பத்திலிருந்து மலையேறினால் மிளகுத் தோட்டம் வந்துவிடும் என்பதால் இந்த வாசனையை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பன்னீர் திராட்சைக்கும் அப்படி ஒரு வேதியியல் உண்டு. ரகத்தின் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். மஸ்கட் குடும்பத்துப் பழங்களில் லினலூல், ஜெரானியால் போன்ற வாசனைப் பொருள்கள் அதிகம். ஜெரானியால் ரோஜாவிலும் இருப்பது. பன்னீர் என்று பெயர் வைத்தவர் லேப் எதுவும் பார்க்கவில்லை, மூக்கை மட்டும் நம்பியிருக்கிறார்.

1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இந்தப் பழத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று பரவலாகச் சொல்கிறார்கள். ஆனால் மஸ்கட் ஹாம்பர்க், பிளாக் ஹாம்பர்க்கும் மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியாவும் சேர்ந்து இங்கிலாந்துக் கண்ணாடி வீடுகளில் உருவான ரகம். அது பேசப்படத் தொடங்கியது 19-ம் நூற்றாண்டின் நடுவில்தான். ஆக பாதிரியார் கொண்டுவந்தது திராட்சையாக இருக்கலாம், இதே ரகமாக இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. வேடிக்கை என்னவென்றால், ஜேம்ஸ் பஸ்பி என்பவர் ஐரோப்பாவில் சேகரித்த திராட்சைக் குச்சிகளை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனதும் அதே 1832-ல்தான். அதில் சிராவும் இருந்தது.

கத்திரி போட்டாத்தான் காய்

ஐரோப்பாவில் குளிர்காலம் வந்தால் திராட்சைக்கொடி இலையுதிர்த்துத் தூங்கிவிடும். வசந்தத்தில் எழுந்து, ஆண்டுக்கு ஒரே அறுவடை. கம்பத்தில் குளிரே இல்லை, கொடி தூங்காது. விட்டால் இலையும் கொடியுமாகப் போய்க்கொண்டே இருக்கும். அதனால் குளிர்காலம் செய்கிற வேலையை இங்கே கவாத்துக் கத்திரி செய்கிறது. வெட்டினால் மொட்டு விழிக்கும், குலை வரும், நான்கு மாசத்துக்குள் பழம்.

டிசம்பர், ஜனவரியில் கவாத்து செய்தால் ஏப்ரல், மே மாதங்களில் கோடை அறுவடை. மே, ஜூனில் செய்தால் ஆகஸ்ட், செப்டம்பரில் அடுத்தது. ஒரு தோட்டத்தில் வெட்டு, பக்கத்துத் தோட்டத்தில் துளிர், அதற்கடுத்ததில் பழம் என்று ஊர் முழுக்க முன்பின்னாக நடப்பதால் பன்னீர் திராட்சைக்கு சீசன் என்றே ஒன்று கிடையாது. ஒயினுக்காக நாசிக்கில் வளர்க்கும் ஷிராஸை ஏப்ரலில் ஒரு முறை, அக்டோபரில் ஒரு முறை என இரண்டு தடவை வெட்டி, அறுவடை மட்டும் ஒரே தடவை, பிப்ரவரி-மார்ச்சில் எடுக்கிறார்கள். சுவை செறிவாக வேண்டும் என்பதற்காக ஒரு அறுவடையை விட்டுக்கொடுக்கிறார்கள். கம்பத்து விவசாயிக்கு அந்த வசதி இல்லை. பழமாக விற்றால்தான் காசு, வண்டி நின்றால் வருமானம் நின்றுவிடும்.

வளர்ப்பது பந்தல் முறையில். தூண் நட்டு, மேலே கம்பி பின்னி, கொடியைப் படரவிடுகிறார்கள். குலை இலைக்கூரைக்குக் கீழே தொங்குவதால் உச்சி வெயில் பழத்தைச் சுடாது. ஆனால் கூரை ரொம்ப அடர்ந்தால் மொட்டில் வெயில் படாமல் அடுத்த குலை குறையும், ஈரம் தேங்கி நோய் வரும். எனவே இலையைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். மண் தண்ணீர் தேங்காத செம்மண்ணாக, கார அமிலத்தன்மை 6.5 முதல் 7-க்குள் இருந்தால் நல்லது என்பது தமிழ்நாடு வேளாண் பல்கலையின் பரிந்துரை. பல்கலையின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் ஆனைமலையன்பட்டியில் இருக்கிறது. அறுவடைக்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்திவிடச் சொல்கிறார்கள். நாக்கில் தெரிகிற இனிப்புக்கு அந்த ஒரு வாரமும் ஒரு காரணம்.

நோய்க்கு அடிப்பது போர்டோ கலவை: மயில்துத்தமும் சுண்ணாம்பும். 1885-ல் பிரான்ஸின் போர்டோ பகுதியில் மில்லர்டே என்ற தாவரவியல் பேராசிரியர் வெளியிட்ட கலவை அது. பென்னிகுவிக் சுண்ணாம்புக் காரையில் அணை கட்டக் கிளம்பிய காலம்.

இதே குச்சியைக் கும்மிடிப்பூண்டியில் நட்டால்? வளரும். மாடித் தோட்டத்தில் நான்கு குலை பார்த்தவர்களும் இருப்பார்கள். ஆனால் கடலோர ஈரக்காற்றும், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அடிக்கிற வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்தால் மருந்து அடித்தே மாளாது. திருவள்ளூர் மாவட்டம் மாம்பழத்துக்கும் கொய்யாவுக்கும் பெயர் வாங்கியதில் இந்தக் கணக்கும் இருக்கிறது.

கேம்பர்லியில் கடைசி நாட்கள்

அணை திறந்த அடுத்த ஆண்டே பென்னிகுவிக் இந்தியாவை விட்டுப் போனார். இங்கிலாந்தின் கூப்பர்ஸ் ஹில்லில், இந்தியாவுக்கு இன்ஜினீயர்களைத் தயார் செய்த ராயல் இந்தியன் இன்ஜினீயரிங் கல்லூரிக்குத் தலைவரானார். 1899 வரை அங்கே. பிரிஸ்பேன் நகரம் 1893 வெள்ளத்தில் மூழ்கியபோது பட்ட பாட்டை மறக்காத குயின்ஸ்லாந்து அரசு, 1899-ல் அவரை அழைத்து ஆற்றைப் பற்றி ஆலோசனை கேட்டது. மகன் ஜான் பிறந்ததும் அதே ஆண்டு. அவர் பிற்காலத்தில் இங்கிலாந்தில் நீதிபதியானார்.

1911 மார்ச் 9 அன்று சர்ரே மாவட்டம் கேம்பர்லியில் பென்னிகுவிக் இறந்தார், வயது 70. பக்கத்து ஃப்ரிம்லி தேவாலயத்தில் அடக்கம். 2022-ல் தமிழ்நாடு அரசு கேம்பர்லியில் அவருக்குச் சிலை வைத்தது.

அவர் கட்டிய அணை மட்டும் கோர்ட்டை விட்டு இறங்கவே இல்லை. 1979-ல் பாதுகாப்புக் கேள்வி எழுந்து நீர்மட்டத்தை 136 அடியாகக் குறைத்தார்கள். மேலே கான்கிரீட் தொப்பி, உள்ளே கேபிள் ஆங்கர் என்று அணையைப் பலப்படுத்தினார்கள். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. கீழே வாழும் இடுக்கி மக்களின் பயம் பொய் இல்லை, மேலே இருந்து வரும் தண்ணீரை நம்பி நடவு போடுபவர்களின் தேவையும் பொய் இல்லை. 1970-ல் குத்தகைத் தொகையை ஏக்கருக்கு ஐந்து ரூபாயிலிருந்து முப்பது ரூபாயாக உயர்த்தினார்கள். பென்னிகுவிக் காலத்தில் போட்ட அந்த 999 ஆண்டுக் கணக்கு முடிவது 2885-ல்.